குடிகாரி என்று பெயர் எடுத்த ஆறு வாரம்

என் கணவர் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். பெங்களூர் தண்டில், அதாவது கண்டோன்மெண்டில், வெள்ளைக்காரர்கள் வாத்தியம் வாங்குகிற ஒரு கடையில் அவருக்கு வேலை. பட்டாளத்து மெஸ், கிளப், பெரிய பங்களா என்று பியானோ இருக்கிற இடத்துக்கெல்லாம் தோல் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போவார். மறுபடியும் உலக யுத்தம் வரப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. யுத்தம் வருமோ வராதோ, பெங்களூர் மழைக்கும் குளிருக்கும் பியானோக்கள் சுருதி விலகிக்கொண்டேதான் இருந்தன. அவருக்கு வேலை குறையவே இல்லை.

வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான் அந்தப் பழக்கம். மெஸ்ஸில் முந்தின நாள் விருந்து நடந்திருக்கும். பாட்டில்களின் அடியில் கொஞ்சம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அங்கே இருந்த பட்லர் நம்மவர், நல்ல மனிதர். மிஞ்சியதை ஒரு தம்ளரில் ஊற்றி, "களைப்பா வந்திருக்கீங்க" என்று பியானோவின் மேல் வைத்துவிட்டுப் போவார். ஆரம்பத்தில் சனிக்கிழமை மட்டும். இரண்டு வருஷத்தில் எல்லாக் கிழமையும் சனிக்கிழமை ஆகிவிட்டது. அரைப் பாட்டிலாக மிஞ்சினால் காகிதத்தில் சுற்றி வீட்டுக்கே கொடுத்து அனுப்பிவிடுவார்.

அடிக்கிறவரில்லை, திட்டுகிறவரும் இல்லை. சாயங்காலம் வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து ஞானப்பாட்டுகளைப் பாடுவார், அதுவும் ராகத்தை விட்டுவிட்டு இரண்டாம் குரலை மட்டும். முதல் குரலை நான் மனசுக்குள் பாடிக்கொள்ள வேண்டும். பிறகு பூட்ஸோடு தூங்கிவிடுவார். எவ்வளவு குடித்தாலும் தன் காது மட்டும் தப்பாது என்று அவருக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் எங்களைத் தலைகுனிய வைத்தது. ஒக்கலிபுரத்தில் இருந்த என் அக்காவின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்தில் பேண்டு வாசித்துக்கொண்டு போகிறார்கள். இவர் நேராக நடுவில் நுழைந்து, கிளாரினெட் அரைச் சுருதி குறைகிறது என்று சொல்லி, வாசிக்கிறவன் வாயிலிருந்து அதைப் பிடுங்கப் பார்த்தார். ஊர்வலம் நின்றது. அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். யாரிடம் போய்ச் சொல்வது? நான் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். டீச்சர் வீட்டுச் சமாசாரம் வெளியே போனால் வகுப்பில் நிற்க முடியாது. அப்படி இருக்கும்போது ஒரு நாள் நோட்டுப் புத்தகம் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பெண் தன் நோட்டுக்கு அட்டையாக ஏதோ நோட்டீசைப் போட்டிருந்தாள். "மதுவிலக்குக் கூட்டம். சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு. குடியினால் வருந்துவோர் யாவரும் வரலாம். தேநீரும் பன்னும் உண்டு" என்று அச்சடித்திருந்தது.

குடியினால் வருந்துவோர். நான் அந்த வரியை மூன்று தரம் படித்தேன். எங்கள் வீட்டில் குடியினால் வருந்துகிற ஆள் நான் ஒருத்திதான். அவர் வருந்தவே இல்லை, பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். ஆகவே இது என்னைத்தான் கூப்பிடுகிறது என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை.

கூட்டம் நடக்கிற இடம்தான் தெரியவில்லை. அட்டையை மடித்து ஒட்டியதில் "கோயில் பின்புற மண்டபம்" என்பது மட்டும் மிஞ்சி, எந்தக் கோயில் என்பது கிழிந்து போயிருந்தது. தண்டில் தெருவுக்கு ஒரு கிறிஸ்தவக் கோயில். பாதிரியாரைக் கேட்டால் யாருக்கு என்பார். சனிக்கிழமை, என்னைத் தெரியாத ஒரு ஜட்கா வண்டிக்காரரைப் பிடித்து, முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டு, குடிக்கிறவர்கள் கூடுகிற இடத்துக்குப் போக வேண்டும் என்றேன். அவர் வயசான முஸ்லிம் மனிதர். என்னை மேலும் கீழும் பார்த்தார். நேராக ஓட்டிக்கொண்டு போய் ஒரு சாராயக்கடை வாசலில் நிறுத்தினார்.

இது இல்லை, குடிக்கிறதை விடுகிறவர்கள் கூடுகிற இடம் என்றேன். அவருக்குக் குழப்பம் இன்னும் அதிகமானது. "வுடறதுக்கு எதுக்கும்மா ஒரு இடம்? வூட்லயே வுடலாமே" என்றார். கடைசியில் வழி சொன்னவர் அந்தச் சாராயக்கடைக்காரர்தான். நல்ல மரியாதையோடு வெளியே வந்து, "கொஞ்சம் முன்னாடி போனா புளியமரம், அதுக்குப் பக்கத்துல கோயிலு. நம்ம கடைக்கு வர்றவங்க ரெண்டு பேரு இப்ப அங்கதான் போறாங்க" என்றார். குரலில் வருத்தம் இருந்தது.

மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஆண்கள். தலைமை வகித்தது ஒரு வயதான வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா. அவர் தமிழை வேதப்புத்தகத்திலிருந்தே கற்றுக்கொண்டவர். பன் வேண்டுமா என்று கேட்பதைக்கூட "புசிப்பாயா" என்றுதான் கேட்பார். உண்மையில் கூட்டத்தை நடத்தியது ஓர் உபதேசியார். மெலிந்த மனிதர், கறுப்புக் கோட்டு. கைக்கடிகாரம் கிடையாது என்பதால் யார் பேசினாலும் ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்துக்கொண்டே கேட்பார்.

ஒவ்வொருவராக எழுந்து நின்று தங்கள் கதையைச் சொல்ல வேண்டும். அதுதான் முறை. அதில் தலைசிறந்தவர் பட்டாளத்துப் பேண்டில் பெரிய முரசு அடித்துப் பென்ஷன் வாங்கிய ஒருவர். பெரிய மீசை. தான் குடித்துவிட்டு முரசுக்குள்ளேயே படுத்துத் தூங்கியதையும், காலையில் அணிவகுப்பில் இன்னொருவர் வந்து அதை அடித்ததையும் சொன்னார். ஜனங்கள் அதை ஏற்கெனவே பல தரம் கேட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. அவர் நிறுத்துகிற இடத்தில் இரண்டு பேர் முன்கூட்டியே சிரித்தார்கள்.

என் முறை வந்தது. எழுந்தேன். அத்தனை ஆண்களுக்கு நடுவில் கணவரின் பெயரை எப்படிச் சொல்வது? 'என் புருஷன்' என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. அதனால் அவரை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் சொன்னேன்.

"ரெண்டு வருஷமாங்க. மொதல்ல சனிக்கிழமை மட்டும்தான். இப்ப தினமும். மெஸ்ஸுல இருந்து வருது. பிராந்திதான். சாயங்காலம் ஆனா பாட்டு. அப்புறம் பூட்ஸோட தூக்கம்."

வகுப்பில் தோன்றா எழுவாய் என்று பாடம் நடத்துகிறவள் நான். எழுவாய் வாக்கியத்தில் வராது, கேட்கிறவர்களே புரிந்துகொள்வார்கள் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அங்கே இருந்தவர்களும் புரிந்துகொண்டார்கள். பூட்ஸ் என்ற இடத்தில் மட்டும் ஒருவர் என் காலைக் குனிந்து பார்த்தார். அது ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

மிஸ்ஸியம்மா எழுந்து வந்து என்னை அணைத்துக்கொண்டார். "சகோதரியே, திடன்கொள்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு வருஷத்தில் ஒருவர்கூட என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. உபதேசியார் ஓர் அட்டையை நீட்டினார். இன்று முதல் மதுவைத் தொடமாட்டேன் என்று அதில் இருந்தது. வீட்டின் சார்பில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று எண்ணிப் போட்டேன். நான் அதற்கு முன்பும் தொட்டதில்லை ஆகையால் பொய் என்றும் தோன்றவில்லை. அட்டையைக் கொண்டுபோய் வீட்டுச் சுவரில் மாட்டினேன். கணவர் பார்த்துவிட்டு, "நல்லது, நல்லது" என்று சொல்லி ஒரு பாட்டை ஆரம்பித்தார்.

அடுத்த சனிக்கிழமை எல்லோரும் ஆவலாக என்னைக் கேட்டார்கள், எத்தனை நாள் தாக்குப் பிடித்தது என்று. ஞாயிறும் திங்களும் ஒன்றும் இல்லை, மெஸ் மூடியிருந்தது, செவ்வாய்க்கிழமை மறுபடியும் ஆரம்பம் என்று உள்ளதைச் சொன்னேன். ஒருவரும் கோபிக்கவில்லை. இரண்டு நாளே பெரிசு என்றார்கள். எனக்கு இன்னொரு பன் கொடுத்தார்கள்.

மூன்றாவது சனிக்கிழமைதான் விஷயம் உடைந்தது. தேநீர் குடிக்கிற நேரத்தில் முரசுக்காரர் பக்கத்தில் வந்து, மெல்லிய குரலில் கேட்டார்:

"டீச்சரம்மா, காலையில எழுந்தா கை நடுங்குதா?"

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். எனக்கு நடுங்கும். வெறும் வயித்துல மோர் குடிச்சிப் பாருங்க."

கோப்பையைக் கீழே வைத்தேன். அப்போது நிஜமாகவே கை நடுங்கியது. அவர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்.

அன்றைக்கே எழுந்து நின்று, குடிப்பது நானில்லை என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதைத்தான் யோசித்தேன். சொன்னால் கணவரைக் காட்டிக்கொடுத்தது போலாகும். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை இத்தனை வருஷம் கழித்துத்தான் எழுத முடிகிறது. நான் எழுந்து பேசினால் பன்னிரண்டு ஆண்கள் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். என் வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ அப்படி நடந்ததே இல்லை. குடிக்காதவள் என்று தெரிந்தால் இனி வராதே என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. ஆகவே நாலாவது சனிக்கிழமையும் போனேன். மோருக்குக் குணம் தெரிகிறதா என்று கேட்டார்கள். பரவாயில்லை என்றேன்.

தண்டு எவ்வளவு பெரிய இடம் என்று நினைத்திருந்தேன். பத்து நாளில் என் செய்தி எல்லா இடத்துக்கும் போய் அது சுருங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் தலைமை டீச்சர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். ஏதோ கணக்குப் பாடத்தைப் பற்றிப் பேசினார். நானோ தமிழ் டீச்சர். பேசிக்கொண்டே நாற்காலியை என் பக்கம் நகர்த்தி, மூக்கை என் முகத்துக்கு அருகே கொண்டுவந்து மூச்சை இழுத்தார். அன்று காலையில் பூண்டு ரசம் சாப்பிட்டிருந்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "சரி, போங்க டீச்சர்" என்றார். பால் ஊற்றுகிற கன்னடத்து அம்மாள் அளவுக்கு மேல் ஒரு கை ஊற்றிவிட்டு, "குடீபேடா அம்மா, அதைக் குடிக்காதீங்க, பால் குடிங்க" என்றாள்.

அக்கா ஒக்கலிபுரத்திலிருந்து ஜட்கா வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். கையில் ஒரு பொட்டலம். ஏதோ வைத்தியர் கொடுத்த பொடி, சோற்றில் கலந்து சாப்பிட்டால் குடி மறக்குமாம். உட்காரும் முன்பே அழ ஆரம்பித்தாள்.

"அவரு குடிச்சாரு, சரி, ஆம்பளை. நீயுமாடி?"

நடந்ததை எல்லாம் முதலிலிருந்து சொன்னேன். நோட்டீஸ், ஜட்கா, கையெழுத்து, மோர், எல்லாவற்றையும். அக்கா பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "குடிக்கிறவங்க யாரு நான் குடிக்கிறேன்னு ஒத்துக்கிறாங்க" என்று சொல்லிப் பொடியை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அதை வீணாக்குவானேன் என்று அவருடைய குழம்பில் போட்டேன். அவருக்கு வயிறு கலங்கியது, வேறொன்றும் நடக்கவில்லை.

எல்லோருக்கும் தெரிந்த பிறகு கடைசியாகத்தான் என் கணவருக்குத் தெரிந்தது. சொன்னது மெஸ் பட்லர். அன்று இவர் போய்ப் பியானோவைத் திறந்து வேலையை ஆரம்பித்திருக்கிறார். தம்ளர் வரவில்லை. இரண்டு மூன்று தரம் இருமிப் பார்த்திருக்கிறார். பட்லர் வந்து, கண்ணில் நீரோடு மன்னிப்புக் கேட்டாராம். உங்கள் வீட்டு அம்மா இப்படிக் கஷ்டப்படுவது தெரியாமல் இத்தனை நாளும் நானே பாட்டிலைக் கொடுத்து அனுப்பினேனே, உங்களுக்கென்று நினைத்தேனே, அத்தனையும் அவர் வயிற்றுக்குள்ளா போனது என்றாராம். இனிமேல் ஒரு சொட்டும் கிடையாது. உங்களுக்கும் இங்கே ஊற்ற மாட்டேன், அந்த வாசனையோடு வீட்டுக்குப் போனால் அந்த அம்மா மனசு அலையும் என்றாராம். இவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார். பட்லர் அசையவில்லை. கிளப் பட்லரிடமும் சொல்லிவிட்டதாக வேறு சொன்னாராம்.

அன்று ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்தார். நடை நேராக இருந்ததால் வேறு யாரோ என்று நினைத்துத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். பையை வைத்துவிட்டு நின்றபடியே கேட்டார்:

"ஊரெல்லாம் உன்னைக் குடிகாரிங்கிறாங்க. தெரியுமா?"

"தெரியும்."

"அங்க போய் என்னதான் சொன்ன?"

"நம்ம வீட்ல நடக்கிறதைச் சொன்னேன். யாருன்னு சொல்லலை."

"ஏன் சொல்லலை?"

"எப்படிங்க சொல்றது?"

அன்று குடி இல்லை. பாட்டும் இல்லை. வேர்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு நாள் தூக்கமில்லாமல் புரண்டார். தனக்கு வந்தது காய்ச்சல் என்றார்.

ஆறாவது சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு என்னோடு கிளம்பினார். என் பெயரை மீட்கப் போவதாகச் சொன்னார். மண்டபத்தில் நுழைந்ததும் உட்காராமல் நடுவில் போய் நின்றார்.

"இவ குடிக்கிறவ இல்லை. நான்தான் குடிக்கிறவன். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

மிஸ்ஸியம்மா கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனைவியின் பாவத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளுகிற இப்படிப்பட்ட புருஷனைத் தான் கண்டதில்லை என்றார். உபதேசியார் எழுந்து, வீட்டுக்கு வீடு இப்படி ஒரு கணவன் இருந்தால் இந்த மண்டபமே வேண்டியதில்லை என்று கொஞ்ச நேரம் பேசினார். இரண்டு பேர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. நிஜமாகவே நான்தான் என்றார். இன்னும் மெச்சினார்கள். தினமும் குடிப்பேன் என்றார். எவ்வளவு என்று யாரோ அன்பாகக் கேட்டார்கள், குழந்தையைக் கேட்பது போல. சைக்கிளோடு சாக்கடையில் விழுந்ததைச் சொன்னார். சைக்கிள் என்றால் யாரும் விழுவதுதான் என்றார்கள். வேறு வழியில்லாமல், மூச்சு வாங்க, ஒக்கலிபுரம் கல்யாணத்தைச் சொல்ல ஆரம்பித்தார். கிளாரினெட்டைப் பிடுங்கிய இடம் வந்தபோது முரசுக்காரர் எழுந்து நின்றார்.

"அது நீங்கதானா? அந்தக் கிளாரினெட்டு என் தம்பி. முன் பல்லு ரெண்டும் இன்னிக்கும் ஆடுது."

அத்தோடு மண்டபம் நம்பிவிட்டது. மெச்சின முகமெல்லாம் மாறியது. கை குலுக்கியவர்கள் பெஞ்சிக்குத் திரும்பிப் போனார்கள். என் கணவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தாகிவிட்டது, போகலாம். ஆனால் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தார். எல்லோரும் என்னைக் கேட்டது போலவே அவரையும் குறுக்கே பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"காலையில எழுந்ததும், இன்னிக்கு எந்த மெஸ்ஸுன்னுதான் நினைப்பு வருது. எந்தப் பியானோன்னு நினைப்பே வர்றதில்லை. முன்னெல்லாம் பியானோதான் வரும்."

உட்கார்ந்துவிட்டார். உபதேசியார் முதல் தடவையாக ஜன்னலைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். முரசுக்காரர் ஒரு தம்ளர் தேநீர் கொண்டுவந்து, பல்லைப் பற்றி மேற்கொண்டு பேசாமல் என் கணவர் கையில் கொடுத்தார். அட்டையில் கையெழுத்துப் போட்டபோது என் கணவருக்கு எழுத்து கோணியது.

அப்புறம் மிஸ்ஸியம்மா என் பக்கம் திரும்பினார். நீ குடியாதவளானால் இங்கே வந்தது ஏன் என்றார். குடியினால் வருந்துவோர் வரலாம் என்று நீங்கள்தானே அச்சடித்திருந்தீர்கள் என்றேன். ஒரு நோட்டீசைத் தேடி எடுத்து வந்து எல்லோரும் படித்துப் பார்த்தார்கள். வாசகத்தை எழுதியவர் உபதேசியார். அவர் நெடுநேரம் தாடியைத் தடவிவிட்டு, இலக்கணப்படி டீச்சர் சொல்வது சரிதான் என்றார். அடுத்த தடவை அச்சடித்தபோது, 'குடிப்போரும், அவர்களால் வருந்துவோரும்' என்று திருத்தினார்கள். அதற்குப் பிறகு வந்த கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே. குடிக்கிறவர்கள் பத்துப் பேர் என்றால் பெண்டாட்டிமார், அம்மாமார் முப்பது பேர். பன் பற்றவில்லை. முரசுக்காரர் தன் கதையைச் சொல்லி முடித்தபோது, பின் பெஞ்சியிலிருந்து அவருடைய மனைவி எழுந்து, அது அப்படி நடக்கவில்லை என்று வேறு விதமாகச் சொன்னாள். அவள் சொன்னது இன்னும் நன்றாக இருந்தது.

என் கணவர் ஒரேயடியாக விட்டுவிட்டார் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு தரமும், யுத்தம் ஆரம்பித்த பிறகு ஒரு தரமும் தவறினார். இரண்டு தடவையும் சனிக்கிழமை வந்ததும் தானே போய் எழுந்து நின்று சொல்லிவிட்டார். அப்புறம் இல்லை. என் பெயர்தான் முழுசாக மீளவில்லை. தண்டில் பாதிப் பேர் கடைசிவரை அவரைத் தியாகி என்றே நம்பினார்கள். தலைமை டீச்சர் எனக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் மூக்கால் ஒரு தரம் சரிபார்த்துக்கொண்டுதான் பேசுவார்.

குடியை விட்ட மனிதரோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்று எந்தக் கூட்டத்திலும் சொல்லித் தரவில்லை. குடித்திருந்த காலத்தில் என்ன போட்டாலும் சாப்பிட்டுவிட்டுப் பாடுவார். இப்போது நாக்குத் தெளிந்துவிட்டது. சோறு குழைந்தது, காபி ஆறியது, கதவு கிறீச்சிடுகிறது, அதுவும் சுருதி விலகிக் கிறீச்சிடுகிறது என்று எதற்கும் ஒரு குறை. ஐந்து மணிக்கு வந்தால் ஏழு மணி வரை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டார். அல்சூர் ஏரிவரை நடந்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டால், வருவார், ஆனால் பேச மாட்டார். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்து, அறிமுகமில்லாத ஒரு மனிதரோடு ஏரிக்கரையில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு நடந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் ரசத்தில் உப்பு இல்லை என்றார். அன்று பள்ளிக்கூடத்திலும் எனக்கு நல்ல நாளில்லை. வாய் தவறி, "குடிச்சிட்டு இருந்தப்பவே நல்லா இருந்தீங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவர் முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, அழுதேன் என்று நினைக்கிறேன். பிறகு தட்டை நகர்த்தி இன்னொரு கரண்டி ரசம் ஊற்றச் சொன்னார். ஊற்றிவிட்டு நானும் கொஞ்சம் வாயில் விட்டுப் பார்த்தேன். உப்பே போடவில்லை.